எட்டு நாக்குக் கடதாசி

இந்தக் கதையில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை. மடு மாதா அறிய, அந்தோனியார் அறிய, மொன்றியல் பனியில் இருபத்தெட்டு வருசமாகச் சறுக்கி விழுந்து எழும்பின முழங்கால் ரெண்டும் அறிய, எல்லாம் அச்சொட்டாக இப்படித்தான் நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம். ஒருவரும் கோபிக்கப் போவதில்லை.

சென்ட் லோரன்டில் எங்கள் ஆட்கள் திருப்பலிக்குக் கூடுகிற கோயிலின் கீழ்மண்டபத்தில், தேத்தண்ணி மேசைக்கு நேரே ஒரு பலகை தொங்குகிறது. திங்கள் பின்னேரப் பிரெஞ்சு வகுப்பு, புதன்கிழமை உணவுப் பொதி, பழைய குளிர்ச்சட்டை குடுக்கிற இடம், கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் இடம் கிடைக்க ஆரைப் பிடிக்க வேண்டும் என்ற விவரம், எல்லாம் அதில் குத்தியிருக்கும். ஆனால் சனம் பார்ப்பது வலது பக்கத்தைத்தான். வலது பக்கம் வேலை.

பலகைக்குப் பொறுப்பு ஞானேந்திரன். அறுபத்தேழு வயது. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த நாளே சுவாமியார் இவர் கையில் ஒரு பெட்டி குத்தூசியைக் குடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் வட்டார வேலை உதவி அலுவலகத்திலிருந்து ஒரு கடித உறை வரும். ஞானேந்திரன் அகராதியையும் மூக்குக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு பிரெஞ்சு அறிவிப்பைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுவார். பிறகு கடதாசியின் கீழ் ஓரத்தைக் கத்தரிக்கோலால் எட்டுத் துண்டாக வெட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் தொலைபேசி இலக்கத்தை எழுதுவார். அந்தத் துண்டுகளுக்கு அவர் வைத்த பெயர் நாக்கு. வேலை வேண்டியவர் ஒரு நாக்கைக் கிழித்துக்கொண்டு போகலாம்.

பலகைக்கு ஒரு சட்டமும் இருந்தது. முந்தி ஒருமுறை கோப்பை கழுவுகிற வேலை ஒன்றுக்கு இரண்டு பேர் அடிபட்டு, ஒருவர் மற்றவரின் தலையில் மீன் றோல்ஸ் தட்டைக் கவிழ்த்துவிட்டார். எனக்கு வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார்கள் என்று ஒருவர் பெருமையடித்ததுதான் காரணம். அதற்குப் பிறகு ஞானேந்திரனே மைக்கைப் பிடித்து அறிவித்தார். கடதாசி வந்த திகதியை, வந்த கையோடு, அழிக்க முடியாத சிவப்பு மையால் வலது மூலையில் எழுதுவது. ஞாயிறு திருப்பலி முடிந்த பிறகு எல்லாருக்கும் முன்னால் குத்துவது. அதற்கு முதல் ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை. "என்ர சொந்தக்காரருக்கும்தான்!" என்று அவர் சொன்னபோது கைதட்டல் விழுந்தது.

சட்டம் போடுகிறவன் தன் கழுத்தளவை எடுத்துவிட்டுப் போட வேண்டும். அதை ஞானேந்திரன் அப்போது யோசிக்கவில்லை.

ஜனவரி பதினாறு, வெள்ளிக்கிழமை. வந்த உறைக்குள் ஒரே ஒரு அறிவிப்பு. அவர் வழமைபோல எழுதினார்.

*சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கண்ணாடிக் கூடத்தில் நாற்றுப் பராமரிக்க ஆள் தேவை. முழுநேரம். பிரெஞ்சு கொஞ்சம் போதும். செடியோடு பழகிய கை வேண்டும். கூடத்துக்குள் எப்போதும் இருபத்திநாலு பாகை. கடைசித் திகதி பெப்ரவரி 20.*

எட்டு நாக்கு வெட்டினார். சிவப்பு மையால் மூலையில் திகதி போட்டார். பேனையை மூடும்போது அவருக்கு முதல் ஞாபகம் வந்தது நிரஞ்சனியைத்தான். இதைப் பிற்காலத்தில் அவர் எவ்வளவு முயன்றும் மறக்க முடியவில்லை. முதல் ஞாபகம் அவளைத்தான்.

நிரஞ்சனி மன்னார்ப் பிள்ளை, நாற்பது வயது. உறைய வைத்த மீனைப் பெட்டியில் அடுக்குகிற குளிர்க் களஞ்சியம் ஒன்றில் வேலை. இரண்டு வருசமாக அவளுடைய விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கத் தொடங்கியிருந்தன. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் சூடு தெரியாது. குளிரை விட்டு வெளியே வா, இல்லாவிட்டால் விரல் உன்னை விட்டுப் போகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதே நிரஞ்சனி, இரண்டு அறை வாடகை வீட்டில், ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கண்டை ஒன்பது பனிக்காலம் சாகவிடாமல் காப்பாற்றியவள். மொன்றியலில் கறிவேப்பிலை வளர்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வித்தையென்று. மற்றவர்களின் கண்டுகள் நவம்பரிலேயே மொட்டையாகிவிடும்.

குத்தூசிப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இல்-பிசாரிலிருந்து தங்கச்சி.

"அண்ணை, உங்கட பலகையால ஊர் முழுக்க வேலைக்குப் போகுது. என்ர பிள்ளை மட்டும் கட்டிலில கிடந்து போனைத் தடவுது."

"டனிஸ்ரனோ? அவன் கொம்பியூட்டர் வேலை தேடுறானெண்டெல்லோ சொன்னனி."

"தேடுறான், தேடுறான். தலையணைக்குக் கீழ தேடுறான். தாய்மாமன் எண்டு ஒருத்தர் இருக்கிறியள் எண்டு நானும் சொல்லிக்கொண்டு திரியிறன். பிரயோசனம்தான் இல்லை."

ஞானேந்திரன் கடதாசியைப் பார்த்தார். பிறகு அதை இரண்டாக மடித்துக் குளிர்ச்சட்டையின் உள்பையில் வைத்து ஸிப்பை இழுத்துவிட்டார். ஒரு நாளைக்குத்தான். பெடியனிடம் கேட்டுவிட்டு, அவன் வேண்டாமென்றால் ஞாயிறு குத்திவிடலாம்.

பெடியன் வேண்டாமென்று சொல்லவில்லை. வேணுமென்றும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன், மாமா," என்றான்.

ஞாயிறு வந்தது. திருப்பலி முடிந்து கீழே வந்தவர்களில் நிரஞ்சனிதான் முதல் ஆள்.

"அண்ணை, இந்தக் கிழமை ஏதும் வந்ததோ?"

"ஒண்டும் வரேல்லை, பிள்ளை."

அது அவரே எதிர்பாராத வேகத்தில் வாயால் வந்தது, தும்மல் வருகிற மாதிரி.

"என்ன வேலையெண்டாலும் பரவாயில்லை. குளிருக்கை நிக்காட்டில் காணும்," என்றுவிட்டு அவள் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறும் கேட்டாள். அடுத்த ஞாயிறும் ஒன்றும் வரவில்லை. பதினொரு நாள் யோசித்தபின் டனிஸ்ரன் போன் எடுத்தான்.

"மாமா, அது மொன்றியல் தீவின்ர கடைசி முனை. தக்காளிக்குத் தண்ணி ஊத்தவோ நான் கொம்பியூட்டர் படிச்சனான்? வேற ஆருக்கும் குடுங்கோ."

வேற ஆருக்கும் குடுங்கோ! சொல்லுகிறவனுக்கு என்ன? வலது மூலையில் சிவப்பாக ஜனவரி 16 என்று நிற்கிறது. இப்போது குத்தினால் இது இவ்வளவு நாளும் எங்கே தவம் கிடந்தது என்று சனம் கேட்கும். புதிதாக எழுதலாமென்றால் அலுவலகம் மூலக் கடதாசியிலும் திகதி அடித்திருக்கிறது, அதையும் பக்கத்தில் குத்த வேண்டுமென்பது இன்னொரு சட்டம். அதையும் அவர்தான் போட்டவர். மூலையைக் கத்தரித்துவிடலாமா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தார். மூலையில்லாத கடதாசியைப் பார்த்தால் குருடனுக்கும் சந்தேகம் வரும்.

கடதாசி உள்பையிலேயே கிடந்தது. அது சூடாகத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

முதலில் அவர் காய்ச்சல் என்று நினைத்தார். மனைவி கிறேஸ் தேர்மாமீற்றரை நாக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தா. ஒன்றுமில்லை. சட்டைப் பைக்குள் வைத்துப் பார்த்தா. இருபத்திநாலு பாகை.

"இஞ்சேருங்கோ, உங்கட சட்டைக்குத்தான் காய்ச்சல்," என்றா.

"பழைய சட்டை. அப்பிடித்தான் இருக்கும்."

"என்ர சட்டையும் பழசுதான். அது ஒரு நாளும் என்னை வேக வைக்கேல்லை."

பெப்ரவரி முதல் கிழமையில் குளிர் இருபத்தெட்டுக்கு இறங்கியது. மைனஸ் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஞானேந்திரன் நடந்த நடைபாதையில் மட்டும் பனி உருகிக் கறுப்புத் தார் தெரிந்தது. வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் ஒரு கோடு. உப்புப் போடுகிற நகரசபை வண்டி அந்தத் தெருவைத் தாண்டிப் போகத் தொடங்கியது. வண்டி ஓட்டுகிறவர் கண்ணாடியை இறக்கி "மெர்சி, மிசியே!" என்று கத்துவார். பஸ்ஸில் அவர் பக்கத்து யன்னலில் மட்டும் உறைபனி பிடிப்பதில்லை. ஒரு கெபெக் கிழவி அவருக்குப் பக்கத்தில் வந்திருந்து, சப்பாத்தைக் கழற்றி, காலை நீட்டி, நித்திரையாகி, இறங்க வேண்டிய இடத்தை இரண்டு தரம் தவறவிட்டா.

அணில்களைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதால் ஏழு அணில் என்பதோடு விடுவோம்.

சனத்துக்கு அவரில் மதிப்புக் கூடியதுதான் பெரிய கரைச்சல். கோயிலுக்குப் போகிற பஸ் தரிப்பில் அவரைச் சுற்றி வட்டமாக நிற்பார்கள். "ஞானம் அண்ணை கிட்ட நிண்டால் ஒரு கணகணப்பு," என்பார்கள். "ஊருக்கு வேலை தேடிக் குடுக்கிற மனம் எல்லோ. சூடாத்தான் இருக்கும்," என்று ஒருவர் சொன்னார். அந்தச் சொல் கடதாசியை விட மோசமாகச் சுட்டது. ஞானேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெப்ரவரி முதலாம் திகதி ஞாயிறும் நிரஞ்சனி கேட்டாள். எட்டாம் திகதி ஞாயிறும் கேட்டாள். அன்றைக்கு அவளுடைய ஒரு விரலில் கட்டு இருந்தது.

"ஒண்டும் வரேல்லை, பிள்ளை."

"நீங்கள் என்ன செய்வியள், அண்ணை. வந்தால் குத்தாமல் விடுவியளோ," என்றாள் அவள். எந்தக் குத்தலும் இல்லாமல், உண்மையாகவே, அவருக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். அந்த இரவு ஞானேந்திரன் சட்டையைக் கழற்றி பல்கனியில் தொங்கவிட்டார். விடியப் பார்த்தால் பல்கனியில் பனியில்லை. சட்டையின் கழுத்துக்குள்ளிருந்து ஒரு தக்காளிக் கொழுந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தவக்காலத்துக்கு முந்திய சனிக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். கூண்டுக்குள் முழந்தாளிட்டதும் தட்டிக்கு அந்தப் பக்கத்தில் சுவாமியார் சால்வையைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"சொல்லும், ஞானேந்திரன்."

"சுவாமி, போன ஞாயிறு பணிஸ் ரெண்டு கூடத் திண்டுட்டன்."

"வேற?"

"தங்கச்சியோட கோபமாக் கதைச்சிட்டன்."

சுவாமியார் மேற்சட்டையையும் கழற்றினார். "வேற?"

கடதாசியின் எட்டு நாக்கும் பைக்குள் படபடவென்று அடித்தன. ஞானேந்திரன் கையால் அமத்திப் பிடித்தார்.

"அவ்வளவுதான், சுவாமி."

"அவ்வளவுதானெண்டால்," என்றார் சுவாமியார் விசிறிக்கொண்டே, "ஏனப்பா இந்தக் கூண்டு போறணை மாதிரிக் கொதிக்குது? போய் இருபது அருள்நிறை மரியே சொல்லும். வெளியில நிண்டு சொல்லும்."

அவர் வெளியில் நின்று சொன்னார். இருபது முடியும்போது காலடியில் புல் முளைத்திருந்தது.

பதினைந்தாம் திகதி, கடைசித் திகதிக்கு முந்திய கடைசி ஞாயிறு. குளிர் முப்பத்தொன்று. திருப்பலிக்குப் போகிற பஸ் பிந்திவிட்டது. தரிப்பில் நின்ற பதினாலு பேரும் ஞானேந்திரனைச் சுற்றிக் கூடி நின்றார்கள். அவர் சால்வையால் கழுத்தை இறுக்கிச் சுற்றியிருந்தார், கொழுந்து வெளியில் தெரியாமலிருக்க.

கடைசியாக நிரஞ்சனி ஓடிவந்தாள். இரவு வேலை முடிந்து நேரே வருகிறாள். கையுறையைக் கழற்றினாள். பத்து விரலும் வெள்ளை. இரண்டு விரல்நுனி நீலம்.

"ஒருக்கால் குறை நினைக்காதையுங்கோ, அண்ணை," என்றாள். இரண்டு கையையும் நீட்டி அவருடைய நெஞ்சுக்கு நேரே பிடித்தாள், அடுப்பில் குளிர்காய்கிற மாதிரி. உள்பைக்கு நேரே. கடதாசிக்கு நேரே.

ஞானேந்திரன் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளை விரல்கள் மெல்ல மெல்ல மங்கலாகி, மஞ்சளாகி, நுனியில் இரத்தம் திரும்பியது. அவளுக்கு வந்த வேலை, அவளுடைய கையைத் தன்பாட்டில் சூடாக்கிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றது ஒரு ஸிப்பும் ஒரு கிழவனும்தான்.

"உங்கட புண்ணியம், அண்ணை," என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்துச் சால்வை அவிழ்ந்தது. தக்காளிக் கொடி காதடியால் ஏறி வெளியே வந்து, எல்லாருக்கும் முன்னால், நல்ல சிவப்பாக ஒரு பழத்தைத் தொங்கவிட்டது.

பதினாலு பேரும் கழுத்தை நீட்டிப் பழத்தைப் பார்த்தார்கள். முப்பத்தொரு பாகைக் குளிரில் மற்றவன் கழுத்தில் காய்த்த தக்காளியைப் பற்றி என்ன பேசுவது?

ஞானேந்திரன் ஸிப்பை இழுத்தார். கடதாசியை எடுத்தார். "இது உனக்கு வந்தது, பிள்ளை," என்றார்.

நிரஞ்சனி வாசித்தாள். ஒருதரம் வாசித்துவிட்டு, இன்னொருதரம், விரலை வைத்து வாசித்தாள். விரல் வலது மூலையில் வந்து நின்றது.

"ஜனவரி பதினாறு."

"ஓம்."

"நாலு ஞாயிறு கேட்டனான்."

"ஓம்."

"என்ர விரலைப் பாத்துக்கொண்டெல்லோ சொன்னனீங்கள், அண்ணை. ஒண்டும் வரேல்லையெண்டு."

"தங்கச்சீன்ர பெடியனுக்கு எண்டு எடுத்து வைச்சனான். அவன் வேண்டாமெண்டிட்டான். பேந்து குத்த வெக்கமாப் போச்சு." அவிழ்ந்த சால்வையைக் கையில் சுருட்டினார். "முதல் உன்னைத்தான் நினைச்சனான், பிள்ளை. அதுதான் எல்லாத்திலும் கேவலம். தெரியாமல் செய்யேல்லை."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அல்லது தக்காளியைப் பிடுங்கி எறிவாள். அவள் ஒரு நாக்கைக் கிழித்தாள். சரக் என்ற அந்தச் சத்தம் பஸ் தரிப்பு முழுக்கக் கேட்டது. போனை எடுத்து அடித்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை ஆரும் எடுக்க மாட்டினம்," என்று ஒருவர் மெல்லச் சொன்னார்.

"செடிக்கு ஞாயிறு தெரியாது," என்றாள் நிரஞ்சனி.

எடுத்தார்கள். அவள் "போன்ஜூர்" சொல்லி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சை எல்லாம் நாலு வசனத்தில் செலவழித்தாள். அனுபவம் உண்டோ என்று அந்தப் பக்கத்துப் பெண் கேட்டிருக்க வேண்டும். கறிவேப்பிலைக்குப் பிரெஞ்சில் என்ன பெயரென்று தெரியாமல், ஒரு செடி, சூட்டு நாட்டுச் செடி, வீட்டுக்குள், ஒன்பது பனிக்காலம் என்று சொன்னாள். அந்தப் பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுக் கேட்டார்கள். பிறகு, நாளைக்கு அந்தச் செடியையும் கொண்டு வா என்று சொன்னார்கள்.

அவள் மிச்சக் கடதாசியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தன் கையாலேயே பலகையில் குத்தினாள். சிவப்புத் திகதி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. கண்ணாடிக் கூடத்துக்கு இன்னும் ஆட்கள் வேண்டுமாம். மத்தியானத்துக்குள் மற்ற ஏழு நாக்கும் கிழிந்து போய்விட்டன.

ஞானேந்திரன் மைக்கைப் பிடித்து நடந்ததைச் சொல்லி, குத்தூசிப் பெட்டியைச் சுவாமியாரிடம் திருப்பிக் குடுத்தார். சுவாமியார் வாங்கவில்லை. களவு தெரிந்தவன்தான் காவலுக்கு நல்லவன் என்றார். தங்கச்சி ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு அவவும் கதைத்தா. டனிஸ்ரன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்குத் திரும்பிப் போகும் வழியில் ஞானேந்திரனுக்குக் குளிர்ந்தது. இருபத்தெட்டு வருசத்தில் குளிராத மாதிரிக் குளிர்ந்தது. பல்லுக் கிட்ட, மூக்கு உறைய, ஒரு அணிலும் துணைக்கு வராமல் வீடு வந்து சேர்ந்தார். கிறேஸ் தேர்மாமீற்றரைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் சுகம்," என்றா. அந்தத் தக்காளியில் ஒரு சம்பல் போட்டா. புளிப்புக் காணாது என்பது அவவின் அபிப்பிராயம்.

நிரஞ்சனி இப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருபத்திநாலு பாகையில் நாற்று நடுகிறாள். பத்து விரலும் ரோசாப்பூ நிறம். கறிவேப்பிலைக் கண்டு கூரையை முட்டிவிட்டது. ஞாயிறு தோறும் தேத்தண்ணி மேசையில் அவரைக் காணும்போது தலையாட்டுகிறாள். ஏதும் வேலை வந்ததோ என்று மட்டும் இப்போது கேட்பதில்லை.

கூட்டிச் சொன்னது ஒன்றே ஒன்று, பஸ் தரிப்பில் ஸிப்பை இழுத்ததும் அதற்குப் பிறகு வந்த எல்லாமும். அந்தக் கடதாசி ஞானேந்திரனின் குளிர்ச்சட்டை உள்பையில் இன்னும் இருக்கிறது, ஒரு நாக்கும் கிழியாமல்.